கோதுமைக்கான இடைவெளி

என் கணவன் பெர்னார்டுக்கு நாற்பத்தொன்பது வயது. பள்ளிக்கூட பஸ்களின் இன்ஜினைப் பிரித்து மாட்டுவது தொழில். நல்லவன். குடித்துவிட்டு ரகளை செய்ததில்லை, என் மேல் கை ஓங்கியதில்லை, ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்குத் தோலை அவன்தான் சீவுவான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் அவனைத் திட்டத்தான் போகிறேன், அப்புறம் நல்லதைச் சொல்ல எனக்கு மனசு வராது.

வீட்டில் பீர் காய்ச்சுவது நான். குடிப்பது அவன். இதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, தானியம் உடைக்கும் மில் வாங்கப் போன நாள் வரை. அதுவரை மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, கடையிலேயே அரைத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் எதைக் கொடுத்தாலும் ஒரே மாதிரி அரைத்துத் தள்ளுவார்கள். பொறுக்க முடியாமல் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போஸ்நான் நகரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனோம். கடைக்குள் நுழைந்ததும் பெர்னார்ட் நேராக ஒரு வார்ப்பிரும்பு மில்லிடம் போய் நின்றான். கைப்பிடி வைத்தது, உள்ளே இரண்டு தட்டு தேய்த்து அரைப்பது. ஒட்டிலியா என்ற என் பெயரை அவன் ஒட்டில்கா என்றுதான் கூப்பிடுவான்.

"ஒட்டில்கா, இதைப் பாரு! காபி அரைக்கலாம், மிளகு அரைக்கலாம், கோழித்தீவனம்கூட அரைக்கலாம்."

"நான் என்ன கோழிக்கா பீர் காய்ச்சறேன்? அது தானியத்தைக் கிழிச்சு மாவாக்கிடும். எனக்கு உடையணும், மாவாகக் கூடாது. ரெண்டு உருளை வச்சது வேணும்."

கடைக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். தாடிக்கென்று தனியாகச் சீப்பு வைத்திருப்பான் போல. நான் கேள்வி கேட்கிறேன், அவன் பெர்னார்டைப் பார்த்துப் பதில் சொல்கிறான். உருளையின் இரண்டு முனையையும் தனித்தனியாகத் திருகி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவன் பெர்னார்டிடம், "உங்க வீட்டம்மா ரொம்ப விவரமா கேக்கறாங்களே சார்" என்று சிரித்தான்.

"விவரமா கேட்டது நான்தானே? என் மூஞ்சியைப் பாத்துப் பதில் சொல்லு தம்பி. மூஞ்சி இங்கே இருக்கு."

பெர்னார்ட் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "போற இடத்துல எல்லாம் ஏன் மானத்தை வாங்கற?" என்று வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினான். நான் உருளை மில்லை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

வாங்குவது சுலபம். அதைச் சரியாக வைப்பதுதான் உயிரை எடுத்துவிட்டது. பார்லி என்றால் கவலையில்லை, அதற்கு மேலே கெட்டியாக ஒரு தோல் உண்டு. உருளைகளுக்கு நடுவே ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் விட்டால் உள்ளே இருப்பது நொறுங்கும், தோல் முழுசாக நிற்கும், அந்தத் தோலே பாத்திரத்தின் அடியில் படிந்து வடிகட்டியாகிவிடும். பீர் காய்ச்சுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் க்ரோஜிஸ்க் பக்கத்து பீர் பார்லியில் ஆவதில்லை. முழுக்க முழுக்கக் கோதுமை, ஓக் விறகுப் புகையில் காய்ந்த கோதுமை மால்ட். பார்லியைவிடப் பொடிசு, கல் மாதிரி இருக்கும், தோலும் கிடையாது. ஒன்று புள்ளி இரண்டில் விட்டால் பாதி மணி அப்படியே நழுவிக் கீழே விழும், சத்தெல்லாம் உள்ளேயே கிடக்கும். பயந்துபோய் இறுக்கினால் மாவாகிவிடும். வெந்நீரில் கொட்டியதும் களியாகிவிடும், குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இறங்காது. அப்படி மூன்று அண்டா களியைத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டே. பதினோராவது தடவைதான் பிடிபட்டது. பூஜ்யம் புள்ளி ஒன்பது. இரண்டு முனையிலும், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். அரைப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் மால்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் புரட்டி வைக்க வேண்டும், தூசியும் கிளம்பாது. வடிகட்டுவதற்குக் கால் கிலோ நெல் உமி சேர்க்க வேண்டும். இதில் எதையும் பெர்னார்ட் கேட்டதில்லை. கராஜில் என் பக்கம் அவன் வருவதே பாட்டில் எடுக்கத்தான்.

போன பிப்ரவரியில் டாக்டர் என்னிடம் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பதினேழு வருடமாக நான் காளான் கூடத்தில் வேலை செய்கிறேன். ஆறு அடுக்கு, இருட்டு, ஈரம், தள்ளுவண்டியில் நின்றுகொண்டு கையில் சின்னக் கத்தியோடு நாள் முழுக்கப் பறிக்க வேண்டும். காளானிலிருந்து பறக்கும் பொடி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது. "இன்னும் ரெண்டு வருஷம் அங்க இருந்தீங்கன்னா, அப்புறம் நீங்க எந்த வேலைக்கும் போக முடியாதும்மா" என்றார். வேறு வேலை என்ன இருக்கிறது எங்கள் ஊரில்? மேஜை நாற்காலி செய்யும் தொழிற்சாலை. அங்கே மரத்தூள். அதற்குக் காளானே தேவலை.

அந்த நேரத்தில்தான் வாலென்ட்டி ஐயா ஆள் தேடுகிறார் என்று தெரிந்தது. ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு பீர் ஆலை வைத்திருக்கிறார், அறுபது வயது, அதிகம் பேசமாட்டார். புகைக் கோதுமை பீரை இந்தக் கோடையிலிருந்து காய்ச்சப் போகிறார், அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். விண்ணப்பம் போட்டேன். என்னையும் நோவி தோமிஷிலிலிருந்து இரண்டு ஆண்களையும் கடைசிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்து வைத்தார். நான் நான்கு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது அவர் தொடக்கூட இல்லை.

"பாட்டிலைக் கொண்டாந்து நீட்ட யாராலயும் முடியும். உள்ள இருக்கறதை யார் காய்ச்சினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். நீங்க வேலை செய்யறதைப் பாக்கணும்."

என் மூச்சே அந்த வேலையில் இருந்தது. வார்த்தைக்குச் சொல்லவில்லை. என்னிடம் ஐந்து கிலோ புகை மால்ட் மட்டும் மிச்சம் இருந்தது, அடுத்த மூட்டை வர மூன்று வாரம் ஆகும். ஒரே ஒரு தடவை காய்ச்சலாம், அதைச் சரியாகக் காய்ச்ச வேண்டும்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு கராஜுக்குள் போனேன். மில் பளபளவென்று இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து, கல்யாணத்துக்குக் கிளப்பி நிறுத்திய மாதிரி. எங்கள் பாஷையில் மால்ட்டை வெந்நீரில் கலக்கி ஊறவைப்பதற்கும், தடயத்தை அழிப்பதற்கும், இன்ஜின் இறுகி நின்றுபோவதற்கும் ஒரே சொல்தான். அன்றைக்குக் காலையில் மூன்றும் ஒரே கராஜில் நடக்கப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

"பெர்னார்ட்! இதை யாரு தொட்டது?"

"நான்தான். விருந்தாளி வர்றார்ல, சுத்தமா இருக்கட்டும்னு துடைச்சேன்" என்று வாசலில் நின்று சொன்னான். சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி நின்றான்.

"துடைச்சியா, திருகினியா?"

அவன் பதில் சொல்வதற்குள் வெளியே வண்டி வந்து நின்றது. வாலென்ட்டி ஐயா அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். வேண்டுமென்றேதான் வந்திருப்பார், வேலைக்கு ஆள் பார்க்கிறவர் வேறெப்படி வருவார். நான் அடுக்களையிலிருந்து கேக்கைக் கொண்டுவந்து வைத்தேன், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நேராக மில்லின் முன்னால் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார்.

"நல்ல மில். இடைவெளி எவ்வளவு வச்சிருக்கீங்க?"

கேள்வி என்னைப் பார்த்து வரவில்லை. பெர்னார்டைப் பார்த்து வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பெர்னார்ட், "ஒன்னு புள்ளி ரெண்டு" என்றான்.

"பூஜ்யம் புள்ளி ஒன்பது" என்றேன் நான்.

"அது நேத்து வரைக்கும்." பெர்னார்ட் சிரித்தான். "இவ ரொம்ப இறுக்கி வச்சிருந்தா ஐயா. நேத்து நான் சரி பண்ணி வச்சேன். இன்டர்நெட்ல படிச்சேன், எல்லாருமே ஒன்னு புள்ளி ரெண்டுன்னுதான் போட்டிருக்கான்."

"அப்ப மில்லை நீங்கதான் பாத்துக்கறீங்களா?"

"மெஷின் சமாச்சாரம் எல்லாம் நான்தான். அடுப்புப் பக்கம் அவ. என்ன இருந்தாலும் அது சமையல்தானே."

பாவி. என் பதினோரு அண்டாவையும், தோட்டத்துக் குழியையும், மண்டி போட்டு உட்கார்ந்து தகடு தகடாக நுழைத்துப் பார்த்த ராத்திரிகளையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டான். அவன் பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான், அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வாலென்ட்டி ஐயா தலையை ஆட்டிக்கொண்டு நோட்டில் என்னமோ எழுதினார். அவருக்கு வேண்டியது மில்லைக் கையாளத் தெரிந்த ஆள். அந்த ஆள் நான் இல்லை என்று என் கணவனே என் கராஜில் நின்று சொல்லிவிட்டான்.

அப்போதே, "தள்ளு, அது என் மில்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டால் குரல் இறங்கிவிடும், அது பெர்னார்டுக்குத் தெரியும், ஆனால் அவன் அன்றைக்குக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"சரிங்க மெஷின்காரரே" என்றேன். "அரைங்க."

"யாரு, நானா?"

"நீங்கதானே மெஷின் பக்கம். நான் அடுப்புப் பக்கம். அடுப்பு இன்னும் பத்தலை."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மில்லைச் சுழற்றும் டிரில்லைப் பெர்னார்ட் சந்தோஷமாக மாட்டினான். மால்ட்டில் தண்ணீர் தெளிக்கவில்லை, அப்படி ஒன்று உண்டு என்றே அவனுக்குத் தெரியாது. என் ஐந்து கிலோவையும் மேலே கொட்டிப் பொத்தானை அழுத்தினான். கராஜ் முழுக்கத் தூசி கிளம்பியது. எனக்கு இருமல் வந்தது. மில் சுகமாகச் சுழன்றது, ஏன் சுழலாது, பாதி மணி உருளையைத் தொடாமலே இறங்கினால்?

முடிந்ததும் பெர்னார்ட் வாளிக்குள் கையை விட்டு அள்ளிக் காட்டினான். "பாருங்க ஐயா, மாவே இல்லை! எவ்வளவு சுத்தமா வந்திருக்கு!"

வாலென்ட்டி ஐயா ஒரு பிடி எடுத்துக் கறுப்புத் தட்டில் பரப்பினார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பாதி கோதுமை மூட்டையில் இருந்தபடியே இருந்தது. அதைப் பெர்னார்டும் பார்த்துவிட்டான். மூக்கைச் சொறிந்தான்.

"கொஞ்சம் முழுசா இருக்கோ? இருங்க, ஒரு திருகு திருகினாப் போச்சு."

ஒரு திருகுதான் திருகினான். இடது பக்கத்துத் திருகாணியை மட்டும். வலது பக்கம் இன்னொன்று இருக்கிறது, அதற்காகத்தான் கடையில் அவன் மானத்தை வாங்கினேன் என்பது அவனுக்கு நினைவில்லை. உருளை கோணலாகப் போய்விட்டது. வாளியை மறுபடியும் மேலே கவிழ்த்துப் பொத்தானை அழுத்தினான். இடது பக்கம் மாவு தூவியது, வலது பக்கம் முழு மணியாக உதிர்ந்தது. அரை நிமிஷத்தில் டிரில் ஓலமிட்டது, உருளை இறுகி நின்றது, சுட்ட ரப்பர் வாடை அடித்தது.

"மால்ட்தான் சரியில்லை போல" என்றான் பெர்னார்ட்.

வாலென்ட்டி ஐயா அப்போதுதான் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "நீங்க ஏன் சும்மா உட்காந்திருக்கீங்க?"

எழுந்தேன் பாருங்கள். எனக்கு என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை, பக்கத்து வீட்டு மரியோலாதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிற்பாடு எனக்கே சொன்னாள்.

"மால்ட் சரியில்லையா? யோவ், மால்ட் சரியில்லையா? இந்த மில்லைக் கடையில பொறுக்கினது நான். மூணு வருஷமா இதைத் தொட்டது நான் ஒருத்தி. கோதுமைக்கு எவ்வளவு, பார்லிக்கு எவ்வளவுன்னு இந்த ரெண்டு கையால கத்துக்கிட்டது நான். நீ ஒரு ராத்திரி போனைத் தேய்ச்சுட்டு வந்து மெஷின் சமாச்சாரம்ங்கற! பார்லிக்குச் சொன்னதைக் கொண்டாந்து கோதுமைக்கு வச்சிருக்க! உன் டிப்போவுல வந்து நான் டீசல் பஸ்ல பெட்ரோல் ஊத்தினா சும்மா இருப்பியா? ஐயா, நீங்க என்னைப் பாக்கத்தானே வந்தீங்க? வந்ததுல இருந்து எவன்கிட்டப் பேசறீங்க?"

பெர்னார்ட் திருதிருவென்று விழித்தான். வாலென்ட்டி ஐயா நோட்டை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை, விரலை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளு" என்றேன்.

டிரில்லைக் கழற்றினேன். இரண்டு திருகாணியையும் முழுக்கத் தளர்த்தி, சிக்கியதை மரக்குச்சியால் குத்தி எடுத்தேன். அலமாரியிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்து இடது முனை, வலது முனை, நடுவில், மறுபடி இடது முனை. தகடு உரசிக்கொண்டு நுழையும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். கோபத்தில் இரண்டு தடவை தகடு கீழே விழுந்தது. ஏற்கெனவே இடிபட்ட மால்ட்டை மறுபடி அரைத்தால் மாவு கூடிப்போகும், அதனால் முதலில் சல்லடையில் சலித்து முழு மணியை மட்டும் பிரித்தேன். அதன் மேல் தண்ணீர் தெளித்தேன். புரட்டினேன். பத்து நிமிஷம் காத்திருந்தோம். கேக்கின் மேல் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது, யாரும் விரட்டவில்லை.

அரைத்தேன். தட்டில் பரப்பினேன். ஒவ்வொரு மணியும் மூன்றாக, நான்காக உடைந்திருந்தது. வாலென்ட்டி ஐயா அதையும் விரலால் தள்ளிப் பார்த்தார். மாவு கொஞ்சம் அதிகம்தான், பெர்னார்டின் புண்ணியம். உமியைக் கால் கிலோவுக்குப் பதில் அரைக் கிலோவாகப் போட்டேன். வெந்நீர், கலக்கல், சூட்டை ஏற்றுதல், காத்திருத்தல். மதியம் ஒரு மணிக்குக் குழாயைத் திறந்தேன். முதலில் வெள்ளையாகக் கலங்கி இறங்கியது. நூல் போல மெலிந்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பொன்னிறமாகத் தெளிந்து, அவசரமே இல்லாமல் வடிந்துகொண்டே இருந்தது. சர்க்கரைச் சத்தைக் காட்டும் கண்ணாடி மானியை மிதக்கவிட்டேன், எட்டில் நின்றது. எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு.

சத்தியமாக அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. வாலென்ட்டி ஐயா அதையும் கெடுத்தார்.

"ஒன்னு கேக்கணும்" என்றார். "அவர் ஒன்னு புள்ளி ரெண்டுன்னு சொன்னப்பவே அது தப்புன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அஞ்சு கிலோவையும் மேல கொட்ட விட்டீங்க. கையைக் கட்டிக்கிட்டு உட்காந்து பாத்தீங்க. என் ஆலையில அது அஞ்சு கிலோ இல்லைம்மா, ஐநூறு கிலோ. அங்கயும் கோவம் வந்தா இப்படித்தான் வாளியில உட்காருவீங்களா?"

சுருக்கென்று இருந்தது. உண்மைதானே. மால்ட் என்ன பாவம் செய்தது.

"தப்புதான்" என்றேன். "அது என் தப்பு, அவரோடது இல்லை. ஆனா உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. இடைவெளி எவ்வளவுன்னு நீங்க என்கிட்ட கேட்டிருந்தா, ஒரு மணிகூட அப்படி அரைபட்டிருக்காது. விண்ணப்பம் போட்டது நான், கேள்வி மட்டும் அவருக்கு."

அவர் முகம் சிவந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டார். "சொல்லி அனுப்பறேன்" என்றார். பெர்னார்ட் வாசல்வரை போய் வழியனுப்பினான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் அண்டாவை அடுப்பில் ஏற்றினேன், ஏனென்றால் வடித்ததைக் கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

ஞாயிற்றுக்கிழமை பெர்னார்ட் உருளைக்கிழங்கு சீவினான். நான் அவனோடு பேசவில்லை. தயிர்க்கட்டியில் வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டு என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"ஒட்டில்கா, உதவி பண்ணணும்னுதான் பண்ணேன்."

"கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுருப்ப."

"ஆமா. வேணாம்னுருப்பேன். அதைத்தான் கேட்டிருக்கணும்."

அவன் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அவனை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை, அந்த வாளியில் போய் உட்கார்ந்த என்னையும் திட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷக் கோபத்துக்கு என் நெஞ்சையே பணயம் வைத்திருக்கிறேன். பெரிய வீராங்கனை.

திங்கட்கிழமை காளான் கூடத்தில் எட்டு மணி நேரம் இருமினேன். சாயங்காலம் சூப்பைத் தட்டில் ஊற்றும்போது போன் அடித்தது. என்னுடையது இல்லை. பெர்னார்டுடையது.

"ஆமாங்க ஐயா... ஆமாம்... அப்படியா!... இதோ பக்கத்துலதான் இருக்கா... சொல்லிடறேன், சொல்லிடறேன்..." அவன் முகம் முழுக்கப் பல்.

வழியனுப்பப் போனவன் தன் நம்பரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அந்த மனுஷரும் அதை வாங்கிக்கொண்டு போய் அதிலேயே கூப்பிட்டிருக்கிறார். சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் காதிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"ஒட்டிலியா பேசறேன். என் வீட்டுக்காரர்கிட்ட உங்களுக்கு என்ன விஷயம்?"

"அட, நல்ல விஷயம்தான்மா. அவர்கிட்ட சொல்லிட்டேன், கேட்டுக்கங்க."

"விண்ணப்பத்துல என் நம்பர் இருக்கு. என்கிட்ட சொல்ல வேண்டியதுன்னா அதுல கூப்பிடுங்க."

வைத்துவிட்டேன். பெர்னார்ட் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? வேலை கெடச்சிருச்சுடி! உன்னைத்தான் எடுத்திருக்கார்! அந்தாள் கோச்சுக்கிட்டு தோமிஷில்காரனைக் கூப்பிட்டா என்ன பண்ணுவ?"

என்ன பண்ணுவேன்? அந்த ஆறு அடுக்குக்குத் திரும்பிப் போய், இரண்டு வருடம் இருமி, செத்துத் தொலைவேன். அது எனக்குத் தெரியாதா? என் போனை எடுத்து மேஜை மேல் நிமிர்த்தி வைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். சூப்பின் மேல் ஆடை கட்டியது. பெர்னார்ட் நின்றுகொண்டே இருந்தான். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்தேன், நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. திரும்ப நாமே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். கை போன் வரைக்கும் போனது. திரும்பி வந்தது. பதினோரு நிமிஷம்.

அடித்தது.

"ஒட்டிலியா ரட்டாய்சாக்குங்களா?" அவர் குரல்தான், ஆனால் யாரோ தெரியாதவரிடம் பேசுகிற மாதிரி மரியாதை.

"ஆமாங்க. சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை நீங்க சொன்ன பதில் எனக்குப் பிடிக்கலை. ரெண்டு நாள் யோசிச்சுப் பாத்தேன். இப்பவும் பிடிக்கலை. ஆனா தப்புன்னு சொல்ல முடியலை. ஜூன் ஒன்னாம் தேதி காலையில ஆறு மணிக்கு வாங்க."

கண்ணில் தண்ணீர் கொட்டியது. குரலில் அது தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

"வர்றேன். ஒரு விஷயம். ஆலை மில்லோட இடைவெளியை என்னைக் கேக்காம யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான். எழுத்துல வேணும்."

அந்தப் பக்கம் குட்டி நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"மறுபடி வாளியில போய் உட்கார மாட்டீங்களே?"

"மாட்டேன். உட்காரறதுக்கு முன்னாலயே கத்திடுவேன்."

"அது சனிக்கிழமையே தெரிஞ்சுபோச்சு" என்றார். "எழுதி வைக்கறேன்."

போனை வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆறிப்போன சூப்பை என் பக்கம் இழுத்தேன். பெர்னார்ட் பொறுக்க மாட்டாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"என்ன சொன்னார்? ஏய், என்னதான் சொன்னார்?"

"உன்கிட்ட சொல்லச் சொல்லி ஒன்னும் சொல்லலை" என்றேன்.